முதல் சத்தம்

பெட்ரோல் வண்டியை நம்பலாமா, டீசல் வண்டியை நம்பலாமா என்று கேட்டுக்கொண்டு பட்டறைக்கு வருகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரவள்ளியில், கொல்லிமலைக்கு ஏறுகிற ரோட்டின் முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருபத்திரண்டு வருடம் பட்டறை வைத்திருந்தவன் நான். எழுபது வளைவில் எந்த வண்டி எந்த வளைவில் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏறும்போது பெட்ரோல் வண்டி நிற்கும். பாரத்தோடு நாற்பது வளைவு தாண்டினால் எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டு, பீடி பற்றவைக்கப் பயந்துகொண்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மழையில் நனைந்தாலும் நிற்கும். டீசல் வண்டிக்குச் சூடும் மழையும் பொருட்டே இல்லை. அதற்கு ஆகாதது குளிர். மார்கழி விடியலில் மலைமேல் சாவியைத் திருப்பினால் செருமும், இருமும், பிடிக்காது. இதைத்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்கிறவனுக்கு இது வேண்டாம். அடுத்தவன் வண்டி மட்டம் என்று என் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிக் கேட்டுக் கேட்டே கெட்டவர்கள் செல்லமுத்துவும் ராசுவும்.

மலைமேல் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. திண்ணனூர் நாட்டில் ஆலம்பள்ளம் என்று முப்பது வீட்டுச் சிற்றூர். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. ஒரே கூரைக்குக் கீழே நடுவில் மண்சுவர், இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. முன்னால் பொது வாசல். வாசலின் கிழக்கு ஓரத்தில் அண்ணன் செல்லமுத்துவின் டீசல் பிக்கப் நிற்கும். சேலத்தில் மூன்றாம் கையாக வாங்கியது. மேற்கு ஓரத்தில் தம்பி ராசுவின் பெட்ரோல் வண்டி. பழைய ஜீப்பின் பின்பக்கத்தை அறுத்து மரப்பெட்டி கட்டிய பிக்கப். கட்டியவன் நான்தான். மூத்தவனுக்கு எஞ்சின் வேலையும் நான்தான் பார்த்தேன். அதனால் இரண்டு பேருக்கும் என்மேல் சந்தேகம்.

ஊரில் விளைவது மரவள்ளி, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மலைவாழை. மரவள்ளியைப் பிடுங்கிவிட்டால் கிழங்கு காத்திருக்காது. மறுநாளே ஜவ்வரிசி செய்கிற சமவெளிச் சேகோ மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்றாம் நாள் கிழங்கை ஒடித்தால் உள்ளே நீலக் கோடு ஓடியிருக்கும், மில்லில் முகம் சுளிப்பார்கள். ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரு நடைப் பாரம்தான் தேறும். இருப்பதோ இரண்டு வண்டி. முதல் வருடம் மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். மாதம்மாள் என்ற கிழங்குக்காரியின் காட்டுக்குள்ளேயே இரண்டு வண்டியும் முட்டிக்கொண்டு நின்றன. ஊர்க்கவுண்டர் குப்புசாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கட்டு வைத்தார். விடியலில் அவர் வீட்டுச் சேவல் கூவிய பிறகுதான் சாவி போட வேண்டும். எந்த வண்டியின் சத்தம் முதலில் கேட்டு, நிற்காமல் ஓடுகிறதோ, அன்றைக்குப் பாரம் அந்த வண்டிக்கு. அவர் தன் களத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டு, பேர் சொல்லிக் கூவுவார். ஊர் அதற்கு முதல் சத்தம் என்று பேர் வைத்துவிட்டது.

மனிதர் நியாயமாகத்தான் நினைத்தார். ஆனால் அந்தக் கட்டினால் ஆனி முதல் ஐப்பசி வரைக்கும் மழையில் பெட்ரோல் வண்டி நனைந்து நிற்க, பாரமெல்லாம் அண்ணனுக்குப் போயிற்று. கார்த்திகை பிறந்து குளிர் இறங்கியதும் பாரமெல்லாம் தம்பிக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கார்த்திகை கடைசியில்தான் செல்லமுத்து ஆள் அனுப்பி என்னை மேலே வரவழைத்தான். தொண்ணூற்றொன்பதாம் வருடம். நான் போனபோது காலை எட்டு மணி இருக்கும். பனி இன்னும் வாசலைவிட்டு எழுந்திருக்கவில்லை. செல்லமுத்துவின் மனைவி அத்தாயி வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு மறுபடியும் கத்தியை எடுத்தாள். நான் டீசல் வண்டியின் முன்மூடியைத் தூக்கி, எஞ்சினைச் சூடேற்றும் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நாலில் இரண்டு செத்துப்போயிருந்தன.

ராசு மேற்கு ஓரத்தில் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டே குரல் விட்டான்.

"ஏனுங்க மெக்கானிக்கண்ணே, செத்த எருமைக்கு எதுக்குங்க வைத்தியம்? தோல உரிச்சமா, ஆணியில மாட்டுனமான்னு இருங்க."

செல்லமுத்து தம்பியைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

"அத்தாயி, அவன்கிட்டச் சொல்லு. எம்பட வண்டி அஞ்சு மாசம் மழையில ஒரு நாளு நின்னதில்ல. அவனுது மேல ஒருத்தன் எச்சத் துப்புனாலே நின்னு போவும்னு சொல்லு."

"அண்ணி, உங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க. மழைக்கு ஓட்டுன பெருமையச் சொல்லி மார்கழிய ஓட்ட முடியாது. வெடியால அந்தச் சட்டியத் தள்ளித் தள்ளி இந்த ஊர்ல பாதிப் பேருக்கு இடுப்புப் போச்சு."

"ஏத்தத்துல நிறுத்திப்போட்டு, ஈரத்துணி போட்டு, துண்டுல விசிறறது ஆருன்னு கேளு. புள்ள பெத்தவளுக்குக்கூட அத்தன பண்டிதம் பண்ண மாட்டாங்க."

"விசிறுனா எந்திரிச்சு நடக்குதல்ல? அவருது படுத்துச்சுன்னா கீழ இருந்து ஆள் வரோணும். வந்து நிக்கறாங்க பாருங்க."

"ரெண்டு மடங்கு எண்ணெய் குடிக்கிற வண்டிக்கு வாயப் பாரு!"

"குடிச்சாலும் ஓடுது. குடிக்காமப் படுத்துக் கெடக்கறதுக்கு அது தேவல."

அத்தாயி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன தபால் பொட்டியா? ரெண்டு பேருக்கும் ஆண்டவன் வாயக் குடுத்திருக்கான். அங்கயும் இங்கயும் பாத்துப் பேசுங்க. இல்லாட்டி ரெண்டு வண்டியையும் கொண்டுபோயிப் பள்ளத்துல தள்ளுங்க. கெழங்க நாங்க தலையிலயே சொமந்துக்கறோம்."

மண்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராசுவின் மனைவி கோகிலா சிரித்தாள். ராசு அவளை ஒரு அதட்டல் போட்டான். சிரிப்பு நின்றது. எனக்கு இந்தச் சண்டை அலுத்துப்போன சங்கதி. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ரசிக்கவும் செய்தேன். இரண்டு பேர் சண்டை போட்டால் மெக்கானிக்குக்கு மரியாதை கூடும்.

புதுப் பிளக்குகள் சேலத்திலிருந்து வரப் பதினைந்து நாளாகும் என்றதும் செல்லமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. ராசு காட்டுக்குப் போகும் வரை காத்திருந்து, செல்லமுத்து என் அருகில் வந்து குந்தினான்.

"பதினஞ்சு நாளும் அவனே முந்துவானுங்க. ஊர்ல எவனும் என்னைய மதிக்க மாட்டேங்கறான். சின்னவன் வண்டிதான் வண்டிங்கறான். எதாச்சும் ஒரு வழி சொல்லுங்கண்ணே."

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் வித்தை தெரிந்தவனுக்கு அதைக் காட்டாவிட்டால் தூக்கம் வராது. அத்தாயியிடம் ஒரு துணி கேட்டேன். அவள் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். நான் வந்திருந்த மொபெட் டேங்கிலிருந்து அதில் கொஞ்சம் பெட்ரோலை நனைத்து, டீசல் எஞ்சின் காற்றிழுக்கும் வாயில் காட்டி, சாவியைத் திருப்பச் சொன்னேன். பட்டென்று பிடித்தது. செல்லமுத்துவின் வாய் காதுவரைக்கும் போயிற்று.

"துணியில தொட்டுக் காட்டறதோட சரி. வேற ஒண்ணும் பண்ணாத" என்றேன். இதை நான் சத்தியமாகச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது. அத்தாயி கையில் கிழங்கோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்கழி பிறந்தது. பிறகு நடந்ததை நான் பலர் வாயால் கேட்டுச் சேர்த்துக்கொண்டதுதான். ஊரில் பெட்ரோல் வைத்திருப்பவன் ராசு ஒருவன். மலைமேல் அப்போது அந்தப் பக்கத்தில் பங்க் கிடையாது. கீழேயிருந்து கேனில் கொண்டுவந்து வாசல் மூலையில் வைத்திருப்பான். செல்லமுத்து சேவல் கூவுவதற்கு முன்பே எழுந்து, கேனில் ஒரு குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டான். இரண்டு நாள் துணி வைத்தியம் நடந்தது. இரண்டு நாளும் டீசல் வண்டி முந்தியது. ஊர்க்கவுண்டர் களத்தில் நின்று செல்லமுத்துவின் பேரைக் கூவினார். ராசு தன் வண்டியின் டயரை எட்டி உதைத்தான்.

மூன்றாம் நாள் ராசு விழித்துக்கொண்டான். விடியலில் முன்மூடி தூக்குகிற சத்தம் ஏன் கேட்கிறது என்று கதவைத் திறந்து பார்த்தான். செல்லமுத்து ஏதோ சொல்லிச் சமாளித்தான். இனிமேல் மூடியைத் தூக்க முடியாது. அங்கேதான் அவன் புத்தி வேலை செய்தது. துணியில் தொட்டதற்கே பிடிக்கிறதென்றால் டேங்கிலேயே ஊற்றினால் இன்னும் நன்றாகப் பிடிக்குமல்லவா? ஒரு பாட்டிலை டீசல் டேங்கில் ஊற்றினான். அன்றைக்கும் வண்டி பிடித்தது. மேகம் மூடிக் குளிர் குறைந்திருந்ததால் பிடித்தது. அவன் பெட்ரோலால் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் இரண்டு பாட்டில். அதற்கு மறுநாள் எத்தனை என்று அவனுக்கே கணக்கில்லை. டீசலில் உள்ள எண்ணெய்ப் பசைதான் பம்பின் உள்ளுறுப்புகள் உரசாமல் காப்பது. பெட்ரோல் அதைக் கழுவிவிடும். இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ஊர்ப் பாரம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது முப்பத்தொன்றாவது வளைவில் பம்பு இறுகி எஞ்சின் செத்தது. எஞ்சின் செத்தால் அந்த வண்டியில் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், மிதித்தாலும் வண்டி நிற்காது. செல்லமுத்து கெட்டிக்காரன், பள்ளத்துப் பக்கம் விடாமல் பாறைப் பக்கம் ஒடித்துவிட்டான். வண்டி சாக்கடையில் இறங்கிச் சாய்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த மாதம்மாளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. முப்பது வீட்டுக் கிழங்கும் ரோட்டில் கிடந்து மூன்று நாளில் நீலம் பாய்ந்து நாறியது.

நான் போய் வடிகட்டியைக் கழற்றியதும் வாசனை முகத்தில் அடித்தது. சுற்றி நின்றவர்களுக்கும் அடித்தது. செல்லமுத்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கி முகர்ந்தான். ஒரு நிமிடம் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு கத்தத் தொடங்கினான்.

"பெட்ரோலு! பாத்தீங்களாய்யா? எந்தம்பி என்னையக் கொல்லப் பாத்திருக்கான்! டேங்குல பெட்ரோல ஊத்திப் பள்ளத்துல உருட்டப் பாத்திருக்கான்!"

ஊர் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? பெட்ரோல் ராசுவிடம் மட்டும்தான் இருக்கிறது. போதாததற்கு முந்தின நாள்தான் ராசு பத்துப் பேர் கேட்க, "அவரு வண்டி மூச்சு ஒரு நாளு நடு ரோட்டுல நிக்கும், நான் பாத்துச் சிரிப்பேன்" என்று சொல்லியிருந்தான். ஊர்க்கவுண்டர் மூன்றாம் நாள் கூட்டம் வைத்தார். குற்றம் உறுதியானால் ராசுவும் கோகிலாவும் வீட்டைவிட்டும் ஊரைவிட்டும் போக வேண்டும். யாரும் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், பாரம் ஏற்ற மாட்டார்கள். நிலத்தில் பங்கு கிடையாது. செல்லமுத்து கூட்டம் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. கோகிலாவின் சட்டி பானைகளைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டான். அவள் இரண்டு நாள் வாசலில் மூன்று கல் கூட்டிச் சமைத்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பம்பைக் கழற்றிச் சாக்கில் கட்டிவிட்டுச் செல்லமுத்துவின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அத்தாயி எனக்குச் சாமைச்சோறும் அவரைக் குழம்பும் மிளகாய்த் துவையலும் வைத்தாள். புருசனுக்கு மோர்விட்டுக் கரைத்த களியை வைத்தாள். எனக்கு வைத்த துவையலை அவனுக்கு வைக்கவில்லை.

"அவருக்குத் தொவையலு?" என்றேன்.

"அவருக்கு வேண்டாமாம்" என்றாள் அத்தாயி. "அஞ்சாறு நாளா வேண்டாமாம்."

செல்லமுத்து தலையைத் தூக்காமல் களியைக் குடித்தான். உதட்டோரம் தோலுரிந்து சிவந்திருந்தது. நாக்கு வெந்தவன் போல வாயைக் கோணிக்கொண்டு விழுங்கினான். குடித்து முடித்து ஒரு ஏப்பம் விட்டான். இருபத்திரண்டு வருடம் குழாயில் வாய் வைத்து உறிஞ்சியவன் நான். அந்த ஏப்பம் எனக்குத் தெரியாதா? அத்தாயி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. கேட்டால் துணிக் கதை வரும். துணிக் கதை வந்தால் என் பேர் வரும். இந்த மலையில் என் பிழைப்பு போகும். அதனால் இன்னும் கொஞ்சம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். இதை எழுதுகிறபோது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்குக் குழம்பு ருசியாக இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். செருப்பையெல்லாம் தூரத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும். நான் டேங்கிலிருந்து பிடித்த எண்ணெயை ஒரு பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்திருந்தேன். மாதம்மாள் தோளைத் துணியால் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டில் கைமாறிக் கைமாறிப் போயிற்று. எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள்.

ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டார்.

"வெங்கிடுசாமி, நீங்க கீழ்நாட்டுக்காரரு. எந்தப் பக்கமும் சேராத ஆளு. இதுல இருக்கறது என்ன?"

"டீசல்ல பெட்ரோல் கலந்திருக்குதுங்க."

"தானாக் கலக்குமா?"

"கலக்காதுங்க."

"டீசல் வண்டி வெச்சிருக்கறவன் தானே ஊத்திக்குவானா?"

கோகிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலைப் பார்த்துச் சொன்னேன்.

"ஊத்துனா பம்பு போயிருமுங்க. வெவரம் தெரிஞ்சவன் ஊத்த மாட்டானுங்க."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனாலும் அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. கூட்டம் முழுதும் ராசுவின் பக்கம் திரும்பியது.

"நான் ஊத்துலீங்க!" ராசு மார்பில் அடித்துக்கொண்டான். "அவரு வண்டி நிக்கோணும்னு நெனச்சேன், அது நெசம். தெனமும் நெனச்சேன். ஆனா மாதம்மாக்கா மேல உக்காந்து போற வண்டியில நான் கைய வெப்பனா? சூடத்தக் கொளுத்துங்க. அணைக்கறேன்."

"அவன் என்னடா அணைக்கறது?" செல்லமுத்து எழுந்தான். "நான் அணைக்கறேன். அடிபட்டவன் நான். எனக்கும் என் வண்டிக்கும் துரோகம் பண்ணுனது இவன்தான்னு ஆத்தா முன்னால நான் அணைக்கறேன்."

அந்த ஊரில் அதற்கு மேல் விசாரணை இல்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு வந்து, எரிகிற சூடத்தை வெறுங்கையால் அடித்து அணைத்தால் சொன்னது மெய். பொய்யாக அணைத்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. பூசாரி சூடத்தைக் கொளுத்தினார். செல்லமுத்து வேட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து வந்தான். அவனால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஒருவேளை அத்தனை நாள் சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டானோ என்னவோ. கையை ஓங்கினான்.

"தொடாதீங்க!"

பெண்கள் பக்கமிருந்து அத்தாயி எழுந்து வந்தாள். ஓடவில்லை. நடந்து வந்து அவனுக்கும் சூடத்துக்கும் நடுவில் நின்றாள்.

"அதத் தொடாதீங்க. நானும் அந்த ஊட்லதான் வெளக்கு வெக்கறேன்."

"நகுருடி."

"நகுர மாட்டேன். கவுண்டரே, பெட்ரோல ஊத்துனது இவருதானுங்க. சின்னவரு கேன்ல இருந்து கொழாயப் போட்டு வாயால உறிஞ்சி ஊத்துனாரு. மொத நாளே தெரியும் எனக்கு. ஏப்பம் உட்டா ஊடே பெட்ரோல் நாறுது. வாயெல்லாம் வெந்து கெடக்குது. ஒரு வாரமா ஒரு மொளகாயக் கடிக்க முடியல. நம்பாட்டி வாயத் தொறக்கச் சொல்லிப் பாருங்க."

மாதம்மாள்தான் முதலில் எழுந்தாள். ஒற்றைக் கையால் செல்லமுத்துவின் தாடையைப் பிடித்துத் திருப்பி உதட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் காலடியில் காறித் துப்பினாள்.

"எதுக்குடா ஊத்துன?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர்.

செல்லமுத்து முகத்து ஈரத்தை வழித்தான். குளிரில் உடம்பு ஆடியது.

"முந்தோணும்னு ஊத்துனேன்" என்றான். "நீங்க வெச்ச கட்டுதானே? மொத சத்தம் போடறவனுக்குத்தானே பாரம்? போட்டேன்."

"பம்பு போவும்னு தெரியாதா? இந்தப் புத்திய உனக்கு ஆரு குடுத்தா?"

செல்லமுத்து மெல்ல என் பக்கம் திரும்பினான். அவன் வாயைத் திறப்பதற்குள் அத்தாயி சொன்னாள்.

"ஆரும் குடுக்கலீங்க. இவரு சொந்தப் புத்தி."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னை மறந்துவிட்டான். அத்தனை வெறுப்பையும் அவள்மேல் வைக்க வேண்டியிருந்தது, எனக்கு ஒதுக்க மிச்சமில்லை.

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. அன்றோடு முதல் சத்தம் கிடையாது. செல்லமுத்துவின் வண்டியில் ஒரு வருடம் ஊர்ப் பாரம் ஏறாது. ராசுமேல் குற்றமில்லை. அவன் வீட்டிலேயே இருக்கலாம்.

"இருக்கட்டும்" என்றான் செல்லமுத்து. "அவன் இருக்கட்டும். இவ இருக்கக் கூடாது. கட்டுன புருசன ஊருக்கு முன்னால துப்ப வெச்சவ எம்பட ஊட்டுப் படிய மிதிக்கக் கூடாது. அது ஊர் ஞாயம் இல்ல, எம்பட ஞாயம்."

புருசன் பெண்டாட்டி விசயத்தில் யாரும் பேசவில்லை. அதைக் கேட்டு அத்தாயி அழவில்லை. மெதுவாக ராசுவைப் பார்த்தாள். எல்லோரும் ராசுவைப் பார்த்தோம். அவளால் வீடு பிழைத்தவன். அவன் வீட்டில் அவளுக்கு ஒரு மூலை கிடைக்கும் என்றுதான் நினைத்தேன்.

"என்னைய எதுக்குப் பாக்கறீங்க?" என்றான் ராசு. "உங்களுக்கு ஒரு வாரமாத் தெரிஞ்சிருக்குது. எம்பொண்டாட்டி சட்டி பானைய வாசல்ல எறிஞ்சப்பவும் தெரியும். ரெண்டு நாளு அவ பனியில கல்லுக் கூட்டிப் பொங்குனா. ரெண்டு எட்டு வெச்சா உங்க ஊடு. அப்ப ஒரு வார்த்த வந்துதா? இன்னிக்கு உங்க வெளக்கு அணைஞ்சிரும்னு பயம் வந்தப்பறம்தான் வாயி வந்துது."

கோகிலா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, சொன்னாங்களல்ல? அவங்க சொல்லாட்டி நாம எங்க போயிருப்போம்?"

"நீ பேசாத. இவங்க வெச்ச சோறு எனக்கு எறங்காது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்த இடத்தில் நியாயம் எல்லோரிடமும் இருந்தது, ஈரம் ஒருவனிடமும் இல்லை. கூட்டம் கலைந்தது. சூடம் யாரும் அணைக்காமல் தானே எரிந்து தீர்ந்தது.

நான் சாக்கில் கட்டிய பம்பையும் எண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற புளியமரத்தடிக்கு வந்தேன். அன்றைக்கு மொபெட்டில் வரவில்லை. அரை மணி கழித்து அத்தாயி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. குண்டனி நாட்டில் அவள் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கே போகிறாள் என்று தெரிந்தது. என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "போயிட்டு நாலு நாள்ல வந்துருவீங்க. அவரு கோவம் தணிஞ்சா கூப்புடுவாரு" என்றேன்.

"அந்தத் துணி எஞ்சேலையில கிழிச்சது" என்றாள் அவள்.

நான் குனிந்து சாக்கின் கட்டை இறுக்கினேன்.

"துணியில தொட்டு நீங்க காட்டுனப்ப நான் பாத்துட்டுத்தான் நின்னேன். கவுண்டரு கேட்டப்ப உங்க வாயில வரும்னு பாத்தேன். வரல. வெவரம் தெரிஞ்சவன் ஊத்த மாட்டான்னீங்க. வெவரத்தக் குடுத்தவன் ஆருன்னு சொல்லல."

"நான் டேங்குல ஊத்தச் சொல்லல தாயி. துணியில தொடறதோட சரின்னுதான்…"

"கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு. அவருக்குக் கேக்கல." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க பேரச் சொல்லியிருந்தா அங்கயே கல்லெடுத்திருப்பாங்க. சொல்லாம உட்டேன். உங்க மேல எரக்கப்பட்டு இல்லீங்க. நீங்களும் வராட்டி இந்த ஊர்ல நின்னுபோற வண்டிய ஆரு பாப்பாங்க? கெழங்கு பிடுங்கறவங்க பொம்பளைங்கதான். அது நாறுனா எங்க பாடுதான் நாறுது."

குண்டனிப் பக்கம் போகிற பஸ் வந்தது. அவள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். ஏறியவள் படியில் நின்று திரும்பினாள்.

"இனி ஆராச்சும் வழி கேட்டா, முழுசாச் சொல்லிக் குடுங்க. இல்லாட்டி வாய மூடிக்கங்க."

பஸ் போய்விட்டது. கோயில் பக்கமிருந்து ஊர்க்கவுண்டரின் குரல் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கோயில் நூறு தப்படி. போய் அவர் முன்னால் நின்று, துணிக் கதையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் செல்லமுத்துவின் பழியில் பாதி என்மேல் வந்திருக்கும். கொஞ்சம் தணிந்து அவளைத் திரும்பக் கூப்பிட்டிருப்பானோ என்னவோ. எழுந்துகூட நின்றேன். அதற்குள் கீழே போகிற சேந்தமங்கலம் பஸ் வந்துவிட்டது. கையைக் காட்டினேன்.

நல்ல கூட்டம். நின்றுகொண்டுதான் மலை இறங்கினேன். பம்புச் சாக்கைக் காலடியில் வைத்து, பாட்டிலைப் பையில் வைத்திருந்தேன். கோயில் கூட்டத்தில் நாற்பது கை மாறியதில் மூடி தளர்ந்திருக்க வேண்டும். ஐம்பதாவது வளைவு தாண்டியபோது வாசனை கிளம்பியது. ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

கண்டக்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். "ஆருய்யா அது? பெட்ரோல் நாத்தம் வருது. பஸ்ஸுல பெட்ரோலக் கொண்டாந்தவன் ஆரு? அத்தன பேரும் எரிஞ்சு சாவறதுக்கா? மரியாதையாச் சொல்லிருங்க!"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். நானும் பையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, யார் அது என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.